வீடும் வீதியும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்பர் நம் முன்னோர். கொழும்பு நகரிலே வீட்டைக் கட்டிப் பார்க்கும் வாய்ப்பு இன்று மிகச் சிலர்க்கே உண்டு. ஏனையோர் வாங்கித்தான் பார்க்கின்றனர். வாங்கப் புகுவோர் அறைகளை எண்ணுகின்றனர். சதுர அடியை அளக்கின்றனர். நொத்தாரிசிடம் உறுதியைக் காட்டி உரிமைத் தொடர்ச்சியை ஆராய்கின்றனர். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், வாயிலைக் கடந்து வெளியே கால்வைத்தால் எத்தனை நிமிட நடையில் மருந்து கிடைக்கும், எத்தனை நிமிட நடையிற் பிள்ளை பள்ளியை அடையும் என்று வினவுவோர் அரியர். வீட்டை வாங்குபவர் வீதியையும் கூடவே வாங்குகின்றார் என்பதும், இவ்விரண்டனுள் வீதியே அவர் வாழ்க்கையை மிகுதியும் ஆள்வது என்பதும் நமது துணிபு.

இக்கருத்துப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையைக் கற்றோர் புகார் நகரின் அமைப்பை நினைவுகூர்வர். வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கத்துக்கும், அரசர் முதலியோர் வாழ்ந்த பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரங்கள் செறிந்த இடத்தில் நாளங்காடி அமைந்திருந்ததாக இளங்கோவடிகள் காட்டுகின்றார். இரு பகுதியினரும் வந்து கூடும் இடத்திலே சந்தை இருந்தது. கோயில் இல்லாத ஊரிற் குடியிருத்தலாகாது என்னும் முதுமொழியும் வழிபாட்டை மட்டும் கருதியதன்று. நாலுபேர் கால்நடையாய் வந்து கூடும் பொதுவிடம் இல்லாத ஊர் ஊராகாது என்பதையும் அது உணர்த்துகின்றது.

நம்மவர் செறிந்து வாழும் வெள்ளவத்தையை இக்கண்கொண்டு நோக்குவோம். காலி வீதிக்கும் கடலுக்குமிடையே ஏணிப்படிகள்போல ஒழுங்கைகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிடக்கின்றன. அவற்றுள் எதில் வசிப்பவரும் சில நிமிட நடையிற் காலி வீதியை அடைந்து பேருந்து ஏறலாம். சந்தை உண்டு, புகையிரத நிலையம் உண்டு, இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் உண்டு, 1942 ஆம் ஆண்டிலே தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் தன் நூலகத்தோடு 57 ஆம் ஒழுங்கையிலே விளங்குகின்றது. அடுத்துள்ள பம்பலப்பிட்டியிலே நமது கல்லூரி இருக்கின்றது. 1983 ஆம் ஆண்டின் கொடுமையைக் கண்ட பின்னரும், போர்க்காலத்தில் ஊர்விட்டு வந்த குடும்பங்கள் இவ்விடத்தையே மீண்டும் நாடியமைக்கு இவ்வணிமையும் ஒரு காரணமாம். முன்னர் வளவோடு கூடிய தனி வீடுகள் நின்ற நிலங்களிலே இன்று தொடர்மாடிகள் எழுந்து நிற்கின்றன.

இத்தகைய அண்மையால் விளையும் பயன் இருவர்க்குப் பெரிது. ஒருவர் முதியவர். வண்டி ஓட்டும் வலிமை இழந்தவர்க்கும், பிறமொழி அறியாதவர்க்கும் நடந்து சென்று தம் மொழியிலே மருந்து கேட்கக்கூடிய தெருவே சுதந்திரம். நகருக்கு அப்பால் ஐந்து அறைகளும் மாமரமும் உள்ள வீட்டிலே, மகன் பணியினின்று மீளும்வரை வாயிலை நோக்கியிருக்கும் தந்தைக்கு அவ்வீடு சிறையினும் வேறன்று. மற்றவர் மாணவர். விடியுமுன் எழுந்து, பாடசாலை வானிலே நெடுந்தூரம் குலுங்கி வந்து, முதற் பாடவேளையிலேயே கண்சோரும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாம் நாடோறும் காண்கின்றோம். அப்பிள்ளை வீதியில் இழக்கும் பொழுது விளையாட்டுக்கும் வாசிப்புக்கும் உரிய பொழுதாகும்.

2022 ஆம் ஆண்டு இவ்வுண்மையை நாடு முழுவதற்கும் கற்பித்தது. எரிபொருள் நிலையங்களின் முன்னே வண்டிகள் நாட்கணக்கில் வரிசை நின்றன. யூன் மாதத்திலே கொழும்பு நகரப் பாடசாலைகள் மூடப்பட்டன; போக்குவரத்து இடர்ப்பாடு இல்லாத கிராமப் பாடசாலைகள் நடைபெறலாமென அறிவிக்கப்பட்டது. வண்டியை நம்பிய நகரத்துப் பள்ளி மூடிக்கிடக்க, காலை நம்பிய கிராமத்துப் பள்ளி திறந்திருத்தல் கூடுமாயிற்று. இதனினும் தெளிவான பாடம் வேறு வேண்டுமோ?

விலையை யாது செய்வதென வினவுவோர் உளர். அவர் வினா நேரியதே. ஆசிரிய ஊதியத்தைக் கொண்டு வெள்ளவத்தையிலே தொடர்மாடி வீடொன்று வாங்கலாமெனக் கூற நாம் துணியோம். ஆனால், தொலைவிலுள்ள பெருவீடு மலிவென்பார் தம் கணக்கை முற்றும் போட்டுப் பார்த்தல் நன்று. அவ்வீட்டின் விலையோடு மோட்டார் வண்டியின் விலையும், எரிபொருட் செலவும், நாடோறும் வீதியிற் கழியும் பொழுதும் கூட்டப்படல் வேண்டும். மேலும், நாம் போற்றுவது வெள்ளவத்தை என்னும் பெயரையன்று. ஐந்து நிமிடத்தில் ஒருவர் ஏறக்குறைய 400 மீற்றர் நடப்பர். அத்தூரத்துள் அன்றாடத் தேவைகள் அமைந்த சிறிய வீடு எவ்வூரிற் கிடைப்பினும், தனித்து நிற்கும் மாளிகையினும் அதுவே சிறந்தது. விலைக்குக் கிடையாவிடின் வாடகைக்குக் கொள்ளுதலும் இழிவன்று.

வாங்க எண்ணுவோர் முற்பணம் கொடுக்குமுன் அவ்வீதியிலே காலையில் ஒருமுறையும், பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறையும், இருட்டியபின் ஒருமுறையும் நடந்து பார்ப்பாராக. வீட்டு முதியவரையும் உடன் அழைத்துச் செல்வாராக. தொடர்மாடியாயின் மின்பிறப்பாக்கி மின்தூக்கியை இயக்குமோவென்று கேட்பாராக. 2022 மார்ச்சு இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணி நேரம்வரை நீண்டது. மின்தூக்கி நின்றபோது மேல்மாடி முதியவர்க்கு அணித்தேயிருந்த கடையும் சேய்மையாயிற்று.

வாங்கியபின் கடமை தீர்ந்ததென்று கருதுதல் தவறு. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி, உடைமையாளர் ஒவ்வொருவர்க்கும் பொதுப் பகுதிகளிலே பிரிபடாப் பங்குண்டு. அவற்றைப் பேணுதற்கு உடைமையாளரைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் உண்டு. அதன் கூட்டத்துக்குச் செல்லாது, படிக்கட்டு இருண்டுகிடக்கின்றதென்று குறைகூறுதல் முறையாகுமா? படிக்கட்டுக்கு வெளியேயுள்ள வீதியும் அத்தகையதே. நடைபாதையின்மேல் வண்டியை நிறுத்துபவரும், கடைப்பொருளைப் பரப்புபவரும், கட்டுமான மணலைக் குவிப்பவரும் பிறரல்லர். பெரும்பாலும் அவ்வீதியில் வாழ்பவரே. நடக்க எளிதென்று அவ்விடத்தை வாங்கியவரே நடப்பார்க்கு இடமில்லாது செய்வாராயின், கிளையிலிருந்து அடிமரத்தை வெட்டியவன் கதையாகவே முடியும்.

நமது பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், சட்டத்தரணிகள் உளர், வணிகர் உளர், கட்டட நிறுவனம் நடத்துவோரும் உளர். அவர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. தொடர்மாடியின் நிலத்தளம் முழுவதையும் வண்டி நிறுத்துமிடமாக்கி, வீதிக்குக் குருட்டுமதிலைக் காட்டாதீர்கள். ஒரு கடைக்கேனும் ஒரு நிழல்மரத்துக்கேனும் இடம் விடுங்கள். வாயிற் சரிவு நடைபாதையைத் துண்டியாதபடி அமையுங்கள். மாநகர சபையிடம் பாதசாரிக் கடவை கேட்டுக் கையொப்பம் திரட்டும்போது முதற் கையொப்பம் உங்களுடையதாகட்டும்.

வீட்டைப் பிள்ளைகளுக்கு உறுதி எழுதிக் கொடுக்கலாம். வீதியை அவ்வாறு எழுதிக் கொடுத்தல் இயலாது. அதனை நடந்து நடந்தே பேணிக் கொடுத்தல் வேண்டும்.