அசையாத குழந்தையை எது பார்க்கும்?

பேரங்காடிக் கழிப்பறையில் திடீரென்று விளக்கு அணைந்துபோய், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஆட்டியதும் விளக்கு எரியும். உள்ளே ஆள் இருப்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அசைந்தால்தான் அதன் கணக்கில் நாம் ஆள். அங்கே இது சிரித்துவிட்டுப் போகும் சங்கதி. பூட்டிய காரின் பின்னிருக்கையில் தூங்கும் குழந்தை என்று வரும்போது இதே குறை உயிர் போகிற விஷயமாகிவிடுகிறது. அதைப் பேசுவதற்கு முன், அசைவை உணரும் சுவிட்ச் எங்கிருந்து கிளம்பி எப்படியெல்லாம் வந்தது என்று பார்த்துவிடுவோம். சுவையான கதை. நடுவில் இலங்கையும் வருகிறது.

தொடக்கம் ஒரு பாதிரியார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சோமர்வில் என்ற ஊரில் இருந்தவர், பெயர் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப். 1853இல் மின்சாரத்தால் ஒலிக்கும் திருட்டு எச்சரிக்கை மணிக்குக் காப்புரிமை வாங்கினார். கதவோ ஜன்னலோ திறந்தால் இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடும், பேட்டரியிலிருந்து மின்சாரம் ஓடும், மணி அடிக்கும். எடிசனின் மின்விளக்கு 1879இல்தான் வந்தது. ஆக, வீட்டுக்குள் மின்விளக்கு நுழைவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே மின்சார மணி நுழைந்துவிட்டது. 1857இல் எட்வின் ஹோம்ஸ் என்ற வியாபாரி அந்த உரிமையை விலைக்கு வாங்கி, அதைத் தொழிலாகவே வளர்த்தார். இன்று நம் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளைக் காந்தப் பெட்டி அந்த மணியின் கொள்ளுப்பேரன்.

கதவு திறந்ததைக் கண்டுபிடிப்பது எளிது. கதவைத் தொடாமல் ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கியவனை என்ன செய்வது? அங்கேதான் கல் வருகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஒருவகை மணிக்கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். டூர்மலின் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரே சிங்களச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். இந்தக் கல்லைச் சூடாக்கினால் சாம்பலைத் தன் பக்கம் இழுக்கும். புகைபிடிக்கும் குழாயிலிருந்து சாம்பலை எடுக்க டச்சுக்காரர்கள் இதைப் பயன்படுத்தி, 'சாம்பல் இழுப்பான்' என்றே பெயர் வைத்தார்கள். இழுப்பது மின்சாரம்தான் என்று 1756இல் சோதித்துக் காட்டினார் ஏபினஸ் என்ற ஜெர்மானிய அறிவியலாளர். சூடு மாறும்போது இப்படிச் சில படிகங்களின் இரு முனைகளிலும் மின்னேற்றம் தோன்றுவதற்கு 1824இல் டேவிட் புரூஸ்டர் தனிப் பெயரே சூட்டினார்.

'சூடு மாறும்போது' என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். சூடாக இருக்கும்போது அல்ல, மாறும்போது மட்டும்தான் மின்னேற்றம். அடுக்குமாடி நடைபாதையில், படிக்கட்டில், நம் தாமான் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆள் வந்தால் எரியும் விளக்குகளுக்குள் இருப்பது அதே குணமுடைய செயற்கைப் படிகம். மனித உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் எந்நேரமும் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. கருவிக்குள் இரண்டு படிகத் துண்டுகள் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். வெயில் ஏறி அறை முழுவதும் மெல்லச் சூடானால் இரண்டும் சமமாக மாறி ஒன்றையொன்று கழித்துவிடும். ஒருவர் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு துண்டில் கதிர் படும், அடுத்து மற்றொன்றில் படும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டதும் சுவிட்ச் போடப்படும்.

மேலே கவிழ்த்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியை வெறும் மூடி என்று நினைத்துவிட வேண்டாம். அதில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிவதெல்லாம் வில்லைகள். கடலில் போகும் கப்பல்களுக்காகப் பிரான்சின் கொர்துவான் கலங்கரை விளக்கத்தில் 1823இல் ஃபிரெனெல் பொருத்தினாரே, அந்த வில்லையின் தத்துவம்தான் இங்கே உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

இதிலிருந்து வீட்டுக்குப் பயன்படும் சில குறிப்புகள் கிடைக்கின்றன. கருவியை நோக்கி நேராக நடந்து வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது சீக்கிரம் பிடிக்கும். ஆகவே வாசல் விளக்கைப் பொருத்தும்போது, வருகிறவர் அதன் பார்வையைக் குறுக்கே கடக்கும்படி ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவரை அது பார்க்காது, ஏனென்றால் சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிர்களை விடுவதில்லை. இன்னொன்று நம் ஊருக்கே உரியது. நம் தோலின் வெப்பநிலை 33, 34 டிகிரி செல்சியஸ். பிற்பகல் இரண்டு மணிக்குத் தாழ்வாரத்தின் வெப்பமும் ஏறக்குறைய அதேதான். பின்புலத்துக்கும் ஆளுக்கும் வேறுபாடு குறையக் குறையக் கருவிக்குக் கண் மங்கும். இரவில் பத்து அடியிலேயே எரியும் விளக்கு பகலில் பக்கத்தில் போய் நின்றாலும் சோம்பல் காட்டுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி வண்டிக்கு வருவோம். ஆட்டத்தை உணர வெப்பம் தேவையில்லை, புவியீர்ப்பே போதும். 1930களில் ஹாரி வில்லியம்ஸ் என்பவர் பின்பால் விளையாட்டு இயந்திரத்தை முரடர்கள் தூக்கி ஆட்டுவதைத் தடுக்க வழி கண்டார். பின்னாளில் நிலைத்த வடிவத்தில், உலோக வளையத்தின் நடுவே ஓர் ஊசல் தொங்கும். ஆட்டினால் ஊசல் வளையத்தைத் தொடும், ஆட்டம் முடிந்தது. இன்னொரு வழி பாதரச சுவிட்ச். கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு துளி பாதரசம், சாய்ந்தால் ஓடிப்போய் இரு கம்பிகளை இணைக்கும். காரின் பின்பெட்டியைத் திறந்தால் எரியும் விளக்குக்கு அதைத்தான் வைத்தார்கள். யாராவது வண்டியைச் சாய்த்துத் தூக்கினால் அலறும் அலாரத்திலும் அது இருந்தது. தேய்மானமே இல்லாத அழகான பொருள், ஆனால் நஞ்சு. 2013இல் கையெழுத்தான மினமாத்தா உடன்படிக்கை, சில விதிவிலக்குகள் போக, பாதரச சுவிட்சுகளின் தயாரிப்பை 2020க்குள் நிறுத்தச் சொன்னது. ஜப்பானில் பாதரசம் கலந்த மீனைத் தின்று ஊரே பாதிக்கப்பட்ட இடத்தின் பெயர்தான் அந்த உடன்படிக்கைக்கு.

எனக்கு இந்த வரிசையிலேயே மிகவும் பிடித்தது ஓர் இரும்பு உருண்டை. அதைச் சொல்ல எரிபொருள் கதை கொஞ்சம் வேண்டும்.

1985இல் முதல் புரோட்டோன் சாகா வந்தபோது அதில் இருந்தது கார்புரேட்டர். காலையில் சோக்கை இழுத்து வண்டியைக் கிளப்பிய அப்பாக்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்துப் பல வண்டிகளில் பெட்ரோல் பம்பை என்ஜினே ஓட்டும். என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். பிறகு எரிபொருளை அழுத்தத்தில் பீய்ச்சும் மின்னணு முறை பரவியது. 1967இலேயே போஷ் நிறுவனம் இதை வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் கொண்டுவந்துவிட்டது. பெட்ரோல் மிச்சம், புகை குறைவு, சோக் இழுக்க வேண்டாம். ஆனால் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. குழாயில் அழுத்தம் கார்புரேட்டர் காலத்தைப்போலப் பல மடங்கு. விபத்தில் குழாய் உடைந்து, பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால்? சூடான என்ஜின்மேல் பெட்ரோல் மழைதான்.

இதற்குக் கண்டுபிடித்த பதில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். கிண்ணம்போல் சரிந்த பள்ளத்தின் அடியில் ஒரு காந்தம். அதன்மேல் ஓர் எஃகு உருண்டை. வழக்கமான குலுக்கலில் காந்தம் உருண்டையை விடாது. வண்டி எதிலாவது பலமாக மோதினால் உருண்டை மட்டும் போன வேகத்திலேயே போகப் பார்க்கும். காந்தத்தை உதறி, சரிவில் ஏறி, மேலே உள்ள நெம்புகோலைத் தட்டும். பம்புக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும். கணினி கிடையாது, மென்பொருள் கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து இடித்தாலும் உருண்டைக்கு ஒன்றுதான். போர்ட், ஜாகுவார், லேண்ட் ரோவர் வண்டிகள் பலவற்றில் இது பின்பெட்டியிலோ முன்னிருக்கைக் கால்மாட்டிலோ ஒளிந்திருக்கும். பெரிய குழியில் விழுந்தெழுந்ததும் வண்டி நின்று, எதைச் செய்தும் கிளம்பாமல், இழுவை வண்டி வந்த பிறகு மெக்கானிக் ஒரு பொத்தானை அழுத்திக் கிளப்பிக் காட்டிய கதைகள் உண்டு. பழைய வண்டி வைத்திருப்போர் கையேட்டைப் புரட்டி, அந்தப் பொத்தான் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பது நல்லது. விபத்துக்குப்பின் அதை அழுத்துவதற்கு முன் கீழே பெட்ரோல் கசிகிறதா என்று குனிந்து பார்ப்பது அதைவிட நல்லது.

காற்றுப் பைக்கும் தொடக்கத்தில் உருண்டைதான் காவல். குழாய்க்குள் உருண்டை ஓடும் உணரியை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆலன் பிரீட் உருவாக்கினார். 1990களின் தொடக்கத்தில் அந்த உருண்டையும் சிலிக்கான் சில்லுக்குள் போய்விட்டது. சீப்பின் பற்கள்போல் நுண்ணிய விரல்கள். வேகம் மாறினால் அவை இம்மியளவு வளையும், அந்த வளைவை மின்சுற்று அளந்துவிடும். இப்போதைய வண்டிகளில் காற்றுப் பையை விரிக்கும் கணினியே பெட்ரோல் பம்பையும் நிறுத்தச் சொல்கிறது. கைப்பேசியைத் திருப்பினால் படம் திரும்புகிறதே, அதற்குள்ளும் இதே குடும்பத்துச் சில்லுதான்.

திருட்டு அலாரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மாலை இடி ஒன்று விழுந்தால் தாமானில் உள்ள பாதிக் கார்கள் கோரஸ் பாடும்; யாரும் ஜன்னலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதிகம் கத்தும் கருவியைக் காது பழகிக்கொள்ளும்.

இத்தனை கருவிகளும் ஓடும் வண்டியை, மோதும் வண்டியை, திருடப்படும் வண்டியைக் காத்தன. நிறுத்தி, பூட்டி, எல்லாம் அமைதியாக இருக்கும் வண்டிக்குள் தூங்கும் குழந்தையை இவற்றில் எதுவும் பார்க்கவில்லை. காரில் மறந்துவிடப்பட்ட பிள்ளையைப் பற்றிய செய்தி நம் நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் 'இப்படியும் ஒரு பெற்றோரா' என்ற பேச்சு கிளம்புகிறது. அமெரிக்காவின் தென் புளோரிடா பல்கலைக்கழகத்தில் டேவிட் டயமண்ட் என்ற நரம்பியல் பேராசிரியர் இத்தகைய சம்பவங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். தினமும் போகும் பாதையில் வண்டி ஓட்டும்போது மூளையின் பழக்க நினைவு பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. 'இன்று பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட வேண்டும்' என்ற புதிய திட்டத்தை அது அமுக்கிவிடுகிறது என்கிறார் அவர். தூக்கமின்மை, மன அழுத்தம், வழக்கத்தில் சிறு மாற்றம், பின்னிருக்கையில் சத்தமின்றித் தூங்கிவிட்ட குழந்தை இவை சேர்ந்தால் பாசமுள்ள பெற்றோருக்கும் இது நடக்கும். எங்களுக்கு நடக்காது என்று நினைக்கும் குடும்பம்தான் முன்னேற்பாடு எதுவும் செய்துகொள்ளாமல் இருக்கும்.

நேரம் மிகக் குறைவு. வெயிலில் நிறுத்திய காரைப் பற்றி 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. ஜன்னலை ஒன்றரை அங்குலம் இறக்கி வைத்தும் பெரிய வேறுபாடு இல்லை. குழந்தையின் உடலோ பெரியவர்களின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறக்கூடியது.

முதலில் வந்த தீர்வு கதவை எண்ணுவது. ஜிஎம் நிறுவனம் 2016இல் கொண்டுவந்தது. புறப்படும் முன் பின்கதவு திறந்து மூடப்பட்டிருந்தால், போய்ச் சேர்ந்து என்ஜினை அணைக்கும்போது 'பின்னால் பாருங்கள்' என்று ஒலி எழுப்பும். பாதிரியார் போப்பின் கதவு மணியேதான், மூளை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. இது குழந்தையை உணர்வதில்லை. நம் ஞாபகத்தைத் தட்டுகிறது, அவ்வளவே. வழியில் பெட்ரோல் போட இறங்கி மீண்டும் கிளம்பினால் சில வண்டிகளில் கணக்கு அழிந்துவிடும். அடுத்து ஹூண்டாய் கேளா ஒலியலையை அனுப்பிப் பின்னிருக்கை அசைவைத் தேடியது. இது மேல், ஆனால் ஆழ்ந்து தூங்கும் கைக்குழந்தை எவ்வளவு அசையும்?

இப்போது வருவது ரேடார். 60 கிகாஹெர்ட்ஸ் அலை, நீளம் 5 மில்லிமீட்டர். மூச்சு விடும்போது குழந்தையின் மார்பு ஏறி இறங்கும் மிகச் சிறிய அசைவையும் இது பிடித்துவிடும். போர்வை மூடியிருந்தாலும், பின்பக்கம் நோக்கிய இருக்கையில் முகம் தெரியாமல் படுத்திருந்தாலும் பிடிக்கும். மனிதன் எவ்வளவுதான் அசையாமல் கிடந்தாலும் மூச்சு ஓர் அசைவுதான் என்று கருவிகளுக்கு இப்போதுதான் தெரியவந்திருக்கிறது. ஐரோப்பாவின் வாகனப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், 2023 முதல் குழந்தை இருப்பதை உணரும் வசதிக்கு மதிப்பெண் தருகிறது. புதிய கார் பார்க்கப் போகிறவர்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த வசதி இருக்கிறதா' என்பதுடன் நிற்கக்கூடாது. 'கதவை எண்ணுகிறதா, குழந்தையை உணர்கிறதா?' என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் திணறினால் உள்ளே போய் விசாரித்து வரச் சொல்லுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது பத்தாண்டுப் பழைய வண்டிகள். அவற்றில் ரேடாரும் இல்லை, ஒலியலையும் இல்லை. பராமரிப்பு நிலையத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்: பிள்ளை ஒன்பது மணிக்குள் வரவில்லை என்றால் அம்மா, அப்பா இருவரையும் அழைக்க வேண்டும் என்று. கைப்பை, அலுவலக அட்டை போன்றவற்றைப் பின்னிருக்கையில் பிள்ளையின் காலடியில் போடலாம். இன்னொரு யோசனை கேட்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்: இடது காலணியைக் கழற்றிப் பிள்ளையின் பக்கத்தில் வைத்துவிட்டு ஓட்டுவது. தானியங்கிக் கியர் வண்டியில் இடது காலுக்கு வேலை இல்லை. அலுவலக வாகன நிறுத்துமிடத்தில் வெறுங்காலைத் தரையில் வைத்ததும் சிமெண்டின் சூடு சொல்லிவிடும், பின்கதவைத் திறக்க வேண்டும் என்று.