நாவல்பழம்னு எழுதினா நாக்கு சுளுக்கிக்குமா?

மக்களே, தமிழ்ல ஒயின் விமர்சனம் எழுதுற புண்ணியவான்களுக்கு ஒரே ஒரு கேள்வி. 'பிளம், பிளாக்பெர்ரி, வயலட் பூவின் நறுமணம்'னு எழுதுறீங்களே, வயலட் பூவை என்னைக்காவது முகர்ந்து பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை. எங்க வில்லியனூர்ல கனகாம்பரம் கிடைக்கும், மல்லி கிடைக்கும், வயலட் கிடைக்காது.

பாரிஸ்ல இருந்து வந்த சித்தப்பா (பழைய சொல்தா, பிரெஞ்சு ராணுவ பென்ஷன்) 'க்ளோஸ் தெ லோஸ் சியெத்தே' ஒரு பாட்டில் கொண்டு வந்தார். அர்ஜென்டினாவின் மெண்டோசா சரக்கு. மால்பெக் திராட்சைதான் பெரும்பங்கு, கூட மெர்லோ, கேபர்நே, சிரா எல்லாம் கலந்தது. மால்பெக் பிறந்தது பிரான்சின் கஹோர் பக்கம். 1853-ல் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறி, அங்கேதான் பெரிய மனுசன் ஆச்சு. நம்ம சொல்தாக்கள் கதைக்கு நேர் தலைகீழ்! இந்த ஒயினுக்குப் பின்னால இருந்த மிஷேல் ரொலான், நம்ம நந்தி மலைப் பக்கத்து குரோவர் ஒயினுக்கும் ஆலோசகரா இருந்தவர்.

சரி, என் மதிப்பீடு. நிறம், நாவல்பழம் தின்ன நாக்கு. மணம், அதே நாவல்பழம், கொஞ்சம் கருப்பட்டி, புதுசா இழைச்ச மரப்பலகை. முதல் வாயில் மெல்லிய புளிப்பு, அப்புறம் நல்ல துவர்ப்பு. ஆனா வாழைப்பூத் துவர்ப்பு இல்லை, கனிஞ்ச துவர்ப்பு. விழுங்கின பிறகும் ரொம்ப நேரம் நிக்குது. நல்ல சரக்குதான், சந்தேகமே இல்லை.

துவர்ப்புன்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. ஒயின்காரங்க 'டானின்' 'டானின்'னு உருகுறாங்களே, அது எச்சிலில் உள்ள புரதத்தோட ஒட்டிக்கிட்டு நாக்கை வறட்டுது. தோல் பதனிடக் கடுக்காய் போடுறாங்களே, அதே சங்கதி. அறுசுவையில் அதுக்குத் தனி நாற்காலியே போட்டு வச்சிருக்கோம். கொட்டைப்பாக்கு, கடுக்காய், வாழைப்பூ, நாவல், ஒவ்வொண்ணும் வேற துவர்ப்புன்னு எங்க ஆயாவுக்குக் கூடத் தெரியும். இவ்வளவு சொத்தை வீட்டில் வச்சிக்கிட்டு பக்கத்து வீட்டில் ஏன் சாமி கடன் வாங்கணும்?

'உலகம் பூரா ஒரே மொழி இருந்தாத்தானே ஒப்பிட முடியும்?'னு கேப்பீங்க. நியாயம்தான், ஒயின் வியாபாரிக்கு. ஆனா எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல தமிழைத் திறந்தா கட்டம் கட்டமா தெரியுமே, ஞாபகம் இருக்கா? பாகூர்ல இருக்குற வாசகனுக்கு 'பிளாக்பெர்ரி' அப்படித்தான், வெறும் கட்டம். படிக்கிறவனுக்குப் போய்ச் சேராத குறிப்பு, குறிப்பே இல்லை. அது வெறும் பந்தா.

எனக்கு நிஜமாவே வலிக்கிறது வேற. விடியக்காலையில் இறக்கின கள் இனிப்பு, நேரம் ஏற ஏற புளிப்பு, சாயங்காலம் கடுப்பு. எந்த மரம், எத்தனை நாழிகை ஆச்சுன்னு வாயில் வச்சதும் சொல்ற பெருசுகள் எங்க ஊர்ப் பக்கம் இருக்காங்க. பாரிஸ்ல இதைச் செஞ்சா 'சொம்மெலியே'ன்னு சம்பளம் கொடுப்பான். இங்கே அவருக்குப் பேரு குடிகாரன். தமிழ்நாட்டில் 1987-லேயே கள்ளுக்குத் தடை. எங்க புதுச்சேரியில் தடை இல்லை, ஆனா மரியாதையும் இல்லை. அந்த நாக்கு அறிவை யாரும் எழுதி வைக்கலை. அவங்க போனா அதுவும் போச்சு.

இத்தனைக்கும் ஒயின் நமக்குப் புதுசே கிடையாது. பக்கத்துல அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டினப்போ மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைச்சுது. யவனர் கொண்டாந்த மதுவைப் புறநானூறு 'தேறல்'னு நம்ம சொல்லாலதான் சொல்லுது. ரெண்டாயிரம் வருசம் முன்னாடியே நமக்குக் கூச்சம் இல்லை!

இன்னொண்ணு. 'ரூம் டெம்பரேச்சர்'ல குடின்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. அது அவன் ஊர் ரூம், 16-18 டிகிரி. எங்க ஊர் சித்திரையில் அப்படியே ஊத்தினா கஷாயம்தான். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைங்க. காரமான மீன் குழம்போட வேண்டாம், எரியும். கொழுப்புள்ள ஆட்டுக்கறி வறுவல், மிளகாய் கம்மியா, ஜோடி பிரமாதம்.

அடுத்த தடவை எழுதும்போது, உங்க தெருவில் விக்கிற பழத்தோட பேரைச் சொல்லி எழுதுங்க. அத்தி, இலந்தை, கொடுக்காப்புளி எதுவானாலும் சரி. மறுக்கிறவங்க பின்னூட்டத்துக்கு வாங்க, பேசலாம்.

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். நான் குடிச்சது ஒரே கிளாஸ். மிச்சம் சித்தப்பா கணக்கு :-)