வேலை செய்யாத பட்டன்

கொப்பியில் பிழை விட்டால் வெள்ளை மை பூசி மறைப்பது நம்மில் பலரின் பழக்கம். எனக்கும் அது இருந்தது. பூசி மறைக்க முடியாத பிழைகளும் உண்டு என்பதைக் கணினிச் செய்நிரல் எழுதத் தொடங்கிய பின்னரே அறிந்தேன்.

நூலகப் புத்தகங்களைப் பட்டியலிடும் சிறிய இணையப்பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு செய்தேன். அட்டவணையின் ஒவ்வொரு நிரையிலும் 'இரவல்' என்றொரு பட்டன். பக்கம் திறக்கும்போது இருந்த 10 நிரைகளிலும் அது வேலை செய்தது. பின்னர் சேர்த்த 11 ஆவது நிரையில் எத்தனை முறை கிளிக் செய்தும் அசைவில்லை. பிழைச் செய்திகூட வரவில்லை.

தோழி ஒருத்தி சொன்னபடி, புதிய நிரை சேரும் ஒவ்வொரு தடவையும் எல்லாப் பட்டன்களுக்கும் கட்டளையை மீண்டும் இணைத்தேன். புதிய பட்டன் வேலை செய்தது. ஆனால் பழைய பட்டனை ஒரு முறை அழுத்தினால் இரண்டு இரவல்கள் பதிவாகின. இன்னொரு புத்தகம் சேர்த்ததும் மூன்று!

மூன்றாம் இரவு உம்மா எட்டிப் பார்த்து, "இவ்வளவு நேரமா என்ன மகள் செஞ்சீங்க?" என்று கேட்டார். காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இந்தப் பாடமே எனக்குச் சரிவராது என்று நினைத்தேன்.

பிறகு ஊகிப்பதை விட்டு, சோதிக்கத் தொடங்கினேன். கட்டளை எத்தனை பட்டன்களுக்கு இணைகிறது என்று கொன்சோலில் எண்ணிப் பார்த்தேன். பத்து. பதினோராவது பட்டன் அந்த நேரத்தில் உருவாகியிருக்கவே இல்லை. இல்லாத ஒன்றுக்குக் கட்டளை எப்படி இணையும்?

பட்டனில் விழும் கிளிக் அங்கேயே நிற்பதில்லை. கலம், நிரை, அட்டவணை என்று மேலே செல்லும். ஆகவே கட்டளையை அட்டவணைக்கு ஒரே ஒரு முறை இணைத்து, கிளிக் எந்தப் பட்டனிலிருந்து வந்தது என்று பார்த்தால் போதும். நாளை சேரும் நிரைக்கும் அது பொருந்தும்.

திருத்தம் சில வரிகள்தான். ஆனால் அந்த மூன்று இரவுகள் வீணல்ல என்பதே என் கருத்து. பிழையைத் தேடும் நேரமும் படிக்கும் நேரமே. சரியான விடையைப் பிரதி செய்தவள், பிழை வேறு உருவில் வந்தால் மீண்டும் தடுமாறுவாள். வேலை செய்யாத செய்நிரலைத் தந்து "ஏன்?" என்று கேட்கும் பாடவேளைகள் நமக்கு வேண்டும்.

பெற்றோரே, "முடிந்ததா?" என்று கேட்பதோடு, "எதெல்லாம் காரணமில்லை என்று கண்டுபிடித்தீர்கள்?" என்றும் கேளுங்கள். அன்றிரவு உம்மா அப்படிக் கேட்டிருந்தால், சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது.