டாக்டரின் காதும் ஒரு மருந்துதான்!

நோயைத் தீர்ப்பது மாத்திரை. ஆனால், அந்த மாத்திரை நோயாளியின் வயிற்றுக்குள் போனால்தானே வேலை செய்யும்? அதற்கு டாக்டருக்குப் பேசத் தெரிய வேண்டும். அதைவிட, கேட்கத் தெரிய வேண்டும்.

தென்காசி வட்டாரத்தில் பெண்கள் பலருக்குப் பீடி சுற்றுவதுதான் பிழைப்பு. மடியில் சுளகு, குனிந்த தலை, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அப்படி ஒரு பெண் ரத்தக் கொதிப்போடு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் என்று வைத்துக் கொள்வோம்.

"மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும்மா" என்கிறார் டாக்டர். அவளும் தலையை ஆட்டுகிறாள். அடுத்த மாதம் பார்த்தால், கொதிப்பு குறையவில்லை!

காரணம் என்ன? மாத்திரை சாப்பிட்டால் அவளுக்குத் தலை சுற்றுகிறது. அன்றைக்குப் பீடி குறைகிறது, கூலியும் குறைகிறது. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டாள். டாக்டர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் வேறு மாத்திரை கொடுத்திருக்கலாம்.

குற்றாலத்தில் சாரல் விழுந்து சீசன் தொடங்குகிறது. "இது மூலிகைத் தண்ணீர், இதில் குளித்தாலே போதும்" என்று ஒரு சர்க்கரை நோயாளி மாத்திரையை மறந்தால், அவரைக் கேலி செய்வதா? "அருவியிலும் குளியுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள்" என்று சொல்பவரே கெட்டிக்கார டாக்டர்.

18 விநாடி!

1984-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நோயாளி பேசத் தொடங்கினால், சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டு விடுகிறார் என்று அது கூறியது. 18 விநாடியில் ஊர்ப் பெயரைக்கூட நிதானமாகச் சொல்ல முடியுமா?

கேட்கும் பழக்கத்தைக் கற்றுக் கொடுக்க முடியும். 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற டாக்டர் அதைச் செய்தார். குடும்ப டாக்டர்களைக் கூட்டி உட்கார வைத்து, அவரவர் நோயாளிகளைப் பற்றிப் பேச வைத்தார். டாக்டரே ஒரு மருந்து என்பது அவர் கருத்து.

நம் நாட்டிலும் 2019-ல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறையும், பேசும் விதமும் அதில் பாடமாயின. நல்ல தொடக்கம்!

ஆனால், பாடம் புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது. குடும்ப மருத்துவம் படிக்கும் இளம் டாக்டர்களுக்கு இது மிகவும் தேவை. பாட்டி, மருமகள், பேரன் என்று ஒரு வீட்டையே பார்க்கப் போகிறவர்கள் அவர்கள்தானே! அவர்கள் நோயாளியிடம் பேசும்போது, மூத்த டாக்டர் பக்கத்தில் இருந்து கவனித்துத் திருத்த வேண்டும். ஊசி போடும் திறமையைச் சோதிப்பதுபோல, இதையும் சோதித்து மார்க் போட வேண்டும்.

"வெளியே நூறு பேர் நிற்கிறார்கள். இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று டாக்டர்கள் கேட்கலாம். நியாயம்தான். கூட்டத்துக்குத் தகுந்த டாக்டர்களை அரசாங்கம் போடத்தான் வேண்டும். ஆனாலும் இரண்டு கேள்விகளுக்கு அதிக நேரம் ஆகாது. "மாத்திரை சாப்பிடுவதில் என்ன கஷ்டம்?" என்பது ஒன்று. "இப்போது சொன்னதை நீங்கள் ஒரு தடவை சொல்லுங்கள், பார்ப்போம்" என்பது மற்றொன்று. இவற்றைக் கேட்காமல் விட்டால், அதே நோயாளி நோய் முற்றி மறுபடியும் வந்து நிற்பார். அப்போது ஆகும் நேரத்துக்கும் செலவுக்கும் கணக்கே இல்லை.

நோயாளிகளும் வாய் திறக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தியிருந்தால், நிறுத்தியதாகவே சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவர்கள் பயப்படாதபடி நடந்துகொள்வது, டாக்டரின் கடமை!