வாயிருந்தும் வலி சொல்லாதார்

மலைகளின் இளவரசி என்று கொடைக்கானலுக்குப் பட்டம் சூட்டி மகிழ்கிறோம். ஏரியைச் சுற்றி வருவோர் கண்ணுக்கு எழிலோவியந்தான்! ஆனால் தோழர்களே, அந்த எழிலுக்கு அப்பால் பூம்பாறை உண்டு, மன்னவனூர் உண்டு, அங்கே ஏழைக் குடில்களும் உண்டு. அப்படியொரு குடிலிலே, இரவெல்லாம் துடித்தும் 'இங்கே வலிக்கிறது' என்று சொல்ல இயலாத பிள்ளை இருந்தால்? அடம் பிடிக்கிறான் என்பார் தந்தை. சோறு இறங்கவில்லை என்பார் தாய். பேய் பிடித்திருக்கிறது என்பான் பூசாரி. பிடித்திருப்பதோ சொத்தைப் பல்!

மனவளர்ச்சி குன்றியோர், மூளை முடக்குவாதத்தால் கைகால் தம் வசம் நில்லாதோர் – இவர்களுள் சிலரால் பல் மருத்துவரின் நாற்காலியில் அசையாதிருக்க முடியாது. வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் மருந்தோ ஈறுகளையும் வீங்கச் செய்யக்கூடும். நால்வர் அமுக்கிப் பிடித்துப் பல்லைப் பிடுங்குவதா மருத்துவம்? முழு மயக்கம் தந்து, மூச்சையும் நாடியையும் மயக்க மருத்துவர் காத்து நிற்க, அடைப்பதை அடைத்து, எடுப்பதை எடுத்து, ஒரே அமர்வில் முடிப்பதன்றோ முறை!

1844இல் சிரிப்பூட்டும் வாயுவை நுகர்ந்து தன் பல்லையே பிடுங்கச் செய்த ஹோரஸ் வெல்ஸ் பல் மருத்துவர். 1846இல் பாஸ்டனில் ஈதர் மயக்கத்தை ஊரறியச் செய்துகாட்டிய மார்ட்டனும் பல் மருத்துவரே. பல் மருத்துவம் உலகுக்களித்த கொடை, கொடைக்கானல் மலைவாழ் பிள்ளையின் பல்லுக்கு எட்டாமற் போகலாமா?

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்கு அண்மையிலேயே மருத்துவம் என்கிறது, வருவாய்க்கேற்ப இலவசம் என்கிறது, முன்னுரிமை என்கிறது. அண்மை எது? மன்னவனூரிலிருந்து திண்டுக்கல் 100 கிலோமீட்டருக்கு மேல்! மயக்கத்துக்கு முன் வயிறு வெறுமையாக இருக்கவேண்டும். பசித்த பிள்ளையைச் சுமந்து, கூலியையும் இழந்து, கொண்டையூசி வளைவுகளில் இறங்குவதா அண்மை?

கேட்போம், தோழர்களே! சோதனை கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலேயே நடக்கட்டும். 2022இல் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதந்தோறும் ஒரு நாள், அறுவை அரங்கு இவர்களுக்கென்றே குறிக்கப்படட்டும். முதல் நாள் இரவே தாய்க்கும் பிள்ளைக்கும் படுக்கை தரப்படட்டும்.

சிலருக்காக இத்தனை செலவா என்பர் சிலர். தேர்தலில் தலைகளை எண்ணலாம். வேதனையை எண்ணிக்கையால் அளப்பதோ? 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்து மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு அந்தப் பெயரைத் தந்து தலைநிமிர வைத்தவர் கலைஞர். பெயர் தந்தால் போதுமா, பிணி தீர்க்க வேண்டாமா?

வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறிய கால்கள் நம்முடையவை. இன்னொரு பட்டியலுக்காகவும் அவை மலையேறட்டும். குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கட்டும். மருத்துவம் மாதந்தோறும் பூக்கவேண்டும்!