போர் விளையாட்டும் சோற்றுக் கணக்கும்

கணினியில் ஆடப்பெறும் போர்த்தந்திர விளையாட்டுகளில் நம் மாணாக்கர் பலர் பெரிதும் ஈடுபட்டிருத்தல் யாவரும் அறிந்ததே. அதனை வீண்பொழுதென்று இகழ்ந்து ஒதுக்குதல் எமது கருத்தன்று. சதுரங்கத்துச் சேனை உண்பதில்லை. இவ்விளையாட்டுகளின் சேனையோ பண்டம் வந்து சேராவிடின் நலிந்து தோற்கும். அவ்வளவில் இவை சதுரங்கத்தினும் மெய்ம்மைக்கு அணுக்கமானவை. ஆயினும் அப்பண்டம் யாருடைய கலத்தினின்று எடுக்கப்படுகின்றது, யாருடைய தோளில் ஏறி வருகின்றது என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடை இல்லை. இக்குறை நீங்க வேண்டுமென்பதே யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது.

இவ்விஷயம் நம் பக்கத்தார்க்குப் புதிதன்று. சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கங்களில் கிடக்கும் செம்மணல் தேரியில் வண்டிச் சக்கரம் புதையும். அங்கே செல்ல வேண்டிய பொருள் மனிதர் தலையில் ஏறியே சென்றது. தூத்துக்குடியினின்று கொழும்புக்குப் பண்டமேற்றிய பாய்த்தோணிகளும் காற்றுக்கும் பருவத்துக்கும் அடங்கியே ஓடின. பொருள் தானாக நடவாது என்பதை இந்நாட்டில் வாழ்வோர் ஏட்டில் படித்தறிய வேண்டுவதில்லை.

உதாரணமாக, ஸ்வீடன் தேசத்துப் பாரடாக்ஸ் கம்பெனியார் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்’ நான்காம் பாகத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலக யுத்தமே அதன் களம். முதலில் ஒவ்வொரு பிரதேசமும் இவ்வளவு படையைத் தாங்கும் என்னும் அளவைக் கொண்டே அதன் வழங்கல் முறை நடைபெற்றது. 2021 நவம்பரில் அம்முறையை அடியோடு மாற்றினர். பண்டம் இருப்புப்பாதை வழியே பண்டசாலைகளை அடைந்து, அங்கிருந்து குதிரையாலோ லாரியாலோ படையைச் சேருமாறு அமைத்தனர். பாதை அறுபடின் படை தவிக்கும். இது நல்ல திருத்தமென்பதில் ஐயமில்லை.

அதன் உண்மைக்கு 1944-ஆம் ஆண்டின் இம்பால் போர் சான்று. ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சி ஏறத்தாழ மூன்று வார உணவோடு தம் படையைச் சிந்துவின் ஆற்றைக் கடத்தினார். சுமைக்கும் உணவுக்குமாக ஓட்டிச்சென்ற மாடுகள் வழியிலேயே மிகுதியாக மடிந்தன. முற்றுகையுண்ட பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு ஆகாய விமானங்கள் உணவு கொணர்ந்தன. ஜப்பானியர்க்கோ மழைக்காலத்து மலைப்பாதையன்றி வேறு வழியில்லை. கொஹிமா முனையில் நின்ற தளபதி சாட்டோ, அரிசி வாராமையால் மேலிடத்து ஆணையை மீறிப் படையைத் திருப்பினார். பசியும் நோயும் வீழ்த்தியவர் தொகை மிகப் பெரிது. இந்திய தேசிய இராணுவத்து வீரரும் அத்துன்பத்தில் பங்குற்றனர்.

ஆனால் கதை இங்கு முடியவில்லை. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குப் பண்டம் சேர்க்கவே 1942–43-இல் சயாம்–பர்மா இருப்புப்பாதை இடப்பெற்றது. அதன் நீளம் 415 கிலோமீட்டர். அதில் மாண்ட நேசநாட்டுக் கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டவர். மாண்ட ஆசியத் தொழிலாளரோ 90,000 பேர் என்று மதிப்பிடுவர். அவர்களுள் மலேயாவின் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டிய தமிழர் மிகப் பலர். விளையாட்டில் இத்தகைய பாதையை இடுவதற்குத் தொழிற்சாலைகளை ஏவிச் சில மாதம் காத்திருந்தாற் போதும். ஓர் உயிரும் குறைவதில்லை. ரப்பருக்குக் கணக்கு வைத்தவர்கள் அதனை வெட்டியவனுக்குக் கணக்கு வைக்கவில்லை.

அரிசியின் நிலையும் அதுவே. எண்ணெய்க்கும் எஃகுக்கும் அவ்விளையாட்டில் அளவுண்டு, தானியத்துக்கு இல்லை. 1942-இல் பகைவர் கைக்கு அகப்படலாகாதென்று வங்காளக் கடற்கரையில் படகுகளை அரசாங்கத்தார் அகற்றினர்; மிகுந்த நெல்லையும் வாங்கி அப்புறப்படுத்தினர். 1943-ஆம் ஆண்டின் பஞ்சத்துக்கு இது ஒன்றே காரணமன்றெனினும், காரணங்களுள் இதுவும் ஒன்று. அப்பஞ்சத்திலும் அதனைத் தொடர்ந்த நோய்களிலும் இறந்தவர் ஏறத்தாழ முப்பது லட்சம் என்பர். சேனையின் உணவும் குடிகளின் உணவும் ஒரே களஞ்சியத்தினின்று வருவன என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது யாதுளது?

‘விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டும், கணக்கு மிகுந்தால் இன்பம் குன்றும்’ என்று சிலர் கூறுவர். இக்கூற்றை யாம் முற்றும் தள்ளோம். ஆதலின் வேண்டுவன இரண்டே. படைக்கு எடுக்கும் தானியம் அப்பிரதேசத்துக் குடிகளின் உணவில் குறைதல் வேண்டும். பாதையிடுவோர்க்கும் சுமப்போர்க்கும் தொகையும், அவர்தம் சாவுக்குக் கணக்கும் இருத்தல் வேண்டும். மடிந்த சிப்பாய்களை எண்ணிக் காட்டும் பொறிக்கு இது பெரும் பாரமன்று. இவற்றால் ஆட்டம் கெடாது. படையை விரைந்து செலுத்துவதா, குடிகளைக் காப்பதா என்னும் மெய்யான தந்திரச் சிக்கல் அதிற் புதிதாகப் புகும்.

அவ்விளையாட்டை ஆடுவோரே திருத்தியமைத்துக்கொள்ளவும் இடமுண்டு. கணினிக்கலை பயிலும் நம் மாணாக்கர் இம்முயற்சியில் இறங்குவாராயின் அது வீண்பொழுதாகாது. சயாமினின்று திரும்பாதவரைக் குறித்துப் பேசும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உள. அவர்கள் மாண்ட பாதையை நம் இளைஞர் திரையில் இடும்போது, அங்கே அவர்களுக்கும் ஓர் எண்ணேனும் இருத்தல் முறையன்றோ?