இலவசம் எண்டா, ஆருக்கு இலவசம்?

தோழர்களே,

போன மே 18க்கு ஒரு கிழமை முன்னம், வில்லில் எங்கள் வீட்டுக் குசினி மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்து நோட்டீஸ் செய்துகொண்டிருந்தோம். அதில் ஆக இளையவ தொழிற்பயிற்சி முதலாம் வருசம். கிளிநொச்சியில் பிள்ளைகளைத் தேடும் அம்மாமாரின் படமொன்றை ஓர் இலவசச் செயலியில் ஏற்றி, வெளிச்சம் கூட்டி, எழுத்துப் போட்டு, பத்து நிமிசத்தில் காட்டினா. வடிவாத்தான் இருந்தது.

"தங்கச்சி, இந்தப் படம் இப்ப எங்க இருக்கு?"

"என்ர போன்ல."

"வேற?"

அவவுக்குத் தெரியவில்லை. எங்கள் ஒருவருக்குமே தெரியவில்லை.

படம் திருத்த எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கும்போது நாங்கள் இரண்டு விசயம்தான் பார்க்கிறோம்: காசு கேக்குதா? லேசா இருக்கா? மூன்றாவது கேள்வியை விட்டுவிடுகிறோம்: படம் ஆரின்ர கைக்குப் போகுது?

கிளிநொச்சி அம்மாமார் 2017 பெப்ரவரி 20இல் தெருவோரத்தில் இருக்கத் தொடங்கினார்கள். தங்கள் முகத்தைக் காட்ட அவர்களே முடிவெடுத்தார்கள். ஆனால் பின்னால் தேத்தண்ணியோடு நிற்கும் பெடியன் அப்படி ஒரு முடிவும் எடுக்கவில்லை. புலனாய்வுக்காரர் வந்து கதவைத் தட்டினால் அது அவன்ர கதவு. வில்லில் இருக்கிற எங்கட கதவு இல்லை. அவன்ர முகத்தை ஆரோ ஒரு கம்பனியின் சேர்வருக்கு அனுப்பும் உரிமையை எங்களுக்கு ஆர் தந்தது?

இன்னொரு தோழர் சொல்கிறார்: "உந்தக் கதை ஏன்? களவு ஃபொட்டோஷொப் இருக்கு, இறக்கிப் போடு." அடோபியிடமிருந்து காசைக் காப்பாற்றுகிறார், சரி. அடோபியிலிருந்து தன்னைக் காப்பாற்றவில்லை. உடைத்த மென்பொருளோடு சேர்ந்து என்ன வைரஸ் வருகிறது என்பதும் தெரியாது. காசு கட்டியவருக்கும் பாதுகாப்பில்லை. 2019 ஒக்ரோபரில் அமெரிக்க ஜனாதிபதியின் தடை உத்தரவைக் காட்டி, வெனிசுவேலாவில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. வாசிங்டனிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் பின்வாங்கியது. 2014இல் பல புலம்பெயர் அமைப்புகளையும் 400க்கு மேற்பட்ட ஆட்களையும் இலங்கை அரசு தடைப்பட்டியலில் போட்டதை நினைத்துப் பாருங்கள். பட்டியல் எங்களுக்குப் புதுசில்லை. பட்டியலைப் பார்த்துப் பூட்டக்கூடிய கதவுக்குப் பின்னால் எங்கட போஸ்டரை ஏன் வைக்கவேணும்?

நான் சொல்வது கிம்ப். 1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள்: மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆரும் திருத்தலாம், பகிரலாம், ஒருவரும் திரும்பப் பறிக்க முடியாது. கணக்குத் திறக்கத் தேவையில்லை. படம் உங்கள் கணினியை விட்டுப் போகாது. யூனிகோட் தமிழில் கொம்பும் காலும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்.

கிம்ப் லேசில்லை. அதை மறைக்க மாட்டேன். முதல் நாள் நானும் திட்டித் தீர்த்தேன். இரவு கிளீனிங் வேலைக்குப் போய் வந்து நோட்டீஸ் அடிக்கும் தோழரிடம் "கஷ்டப்பட்டுப் படி, அதுதான் புரட்சி" என்பது திமிர். ஆனால் முழுவதையும் படிக்கச் சொல்லி ஆர் கேட்டது? எங்கள் வேலைக்கு ஐந்து விசயம் போதும்: வெட்டுதல், வெளிச்சம் திருத்துதல், எழுத்துப் போடுதல், முகம் மறைத்தல், ஏற்றுமதி. ஒரு பின்னேரம் காணும்.

முகத்தை மங்கலாக்க வேண்டாம். தெரிவுசெய்து முழுக் கறுப்பால் நிரப்புங்கள். ஏற்றுமதி செய்யும்போது எக்ஸிஃப், எக்ஸ்எம்பி, சிறுபடம் மூன்றின் சரிக்குறியையும் எடுத்துவிடுங்கள். எடுத்த நேரமும், சிலவேளை இடமும், அந்தத் தரவுக்குள்தான் ஒளிந்திருக்கும். அடுக்குகளோடு இருக்கும் மூலக்கோப்பை ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம். போனிலேயே வெட்டினால் போதும் என்றும் நம்ப வேண்டாம். பிக்சல் போனிலும் விண்டோஸிலும் இருந்த வெட்டும் கருவிகள், வெட்டி எறிந்த பகுதியைக் கோப்புக்குள்ளேயே விட்டுவைத்தது 2023இல்தான் வெளியே வந்தது. பிறகு திருத்தினார்கள். அதற்கு முதல் அனுப்பின படங்கள் அனுப்பினதுதான்.

கிம்ப் போட முடியாத பழைய கணினியா? உலாவியில் திறக்கும் ஃபொட்டோபியா இருக்கிறது. படத்தை உங்கள் கணினியிலேயே திருத்தும், சேர்வருக்கு ஏற்றாது. ஆனால் அது கட்டற்றதில்லை, விளம்பரமும் வரும். அவசரத்துக்கு வைத்திருங்கள், வீடு கட்ட வேண்டாம். கூகுளின் பிக்காசாவும் ஒரு காலத்தில் இலவசம்தான், லேசும்தான். 2016இல் நிறுத்தினார்கள். எங்களை ஆரும் கேட்டார்களா?

இது ஏதோ இடதுசாரிகளின் வீம்பு என்று நினைக்காதேங்கோ. சுவிஸ் மத்திய நிர்வாகம் தனக்காக எழுதுவிக்கும் மென்பொருளின் மூலநிரலை, பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் தவிர, பொதுவில் வைக்கவேண்டும் என்ற சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கிகளின் நாட்டுக்கே விளங்கின விசயம் எங்களுக்கு விளங்கக் கூடாதா?

அந்த நோட்டீஸைத் திரும்பச் செய்தோம். தங்கச்சிக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது, மூன்று தரம் கோபம் வந்தது. தேத்தண்ணியோடு நின்ற பெடியனின் முகத்தில் இப்போது கறுப்புச் சதுரம். முதல் படம் இன்னும் எங்கோ ஒரு சேர்வரில் கிடக்கிறது. அதை எங்களால் திரும்ப எடுக்க முடியாது. அடுத்த படத்தை அனுப்பாமல் இருக்கலாம்.

கிம்பை இறக்கிவிட்டு லப்டொப்போடு வாங்கோ. குசினி மேசையில் இடம் இருக்கு.

தோழமையுடன்,
வில்லில் இருந்து